டாலரில் வரும் பணத்துக்கு எந்த மாதிரி கணக்கு நல்லது?

வணக்கம். வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடமிருந்து எனக்கு டாலரிலும் யூரோவிலும் பணம் வருகிறது. 1,000 டாலருக்கு பில் போட்டால் 980 தான் வந்து சேர்கிறது. ஸ்விஃப்ட் (வங்கிகள் நாடு விட்டு நாடு பணம் அனுப்பப் பயன்படுத்தும் செய்தி வலையமைப்பு) வழியில் இடையில் இருக்கும் வங்கி மீதியைப் பிடித்துக்கொள்கிறது. அதையாவது கண்ணால் பார்க்கலாம். வந்த உடனே என் வங்கி தன் விலைக்கு மாற்றிவிடுகிறதே, அதில்தான் நிறையப் போகிறது. சந்தை விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் ரசீதில் கட்டணமாகத் தெரிவதே இல்லை.

அதனால் டாலரை டாலராகவே வைத்திருந்து, நான் சொல்லும்போது மட்டும் மாற்றித் தரும் கணக்கு தேடுகிறேன். அப்படி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: மாற்றும் முன்பே விலையைக் காட்டுகிறார்களா? குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு? யூரோவுக்குத் தனி ஐபேன் எண் (சர்வதேச வங்கிக் கணக்கு எண்) கிடைக்குமா? அப்புறம், வங்கி அல்லாத செயலிகளில் விலை நன்றாக இருந்தாலும் வைப்புக் காப்பீடு (நிறுவனம் மூழ்கினாலும் போட்ட பணத்துக்கு இருக்கும் பாதுகாப்பு) இருக்காதே என்று தயங்குகிறேன். அவற்றில் பெரிய தொகையை விட்டுவைக்கிறீர்களா, உடனே எடுத்துவிடுகிறீர்களா?