புதுப்பிப்பு: ஆப் சாகியும் என் கட்டைவிரலும்

டேக்வாண்டோவில் ஆப் சாகி என்னும் முன் உதையைப் பழகும்போதெல்லாம் கட்டைவிரல் வீங்குகிறது என்று மூன்று வாரங்களுக்கு முன் இங்கே புலம்பியிருந்தேன். வீக்கம் வடிந்துவிட்டது. தவறு என்னுடையதுதான். விரல்களை நீட்டியபடியே உதைத்திருக்கிறேன். அவற்றை மேல்நோக்கி வளைத்து, விரல்களுக்கு அடியிலுள்ள சதைத் திரட்சியால் அடிக்க வேண்டும். கொரிய மொழியில் அதற்கு ஆப்சுக் என்று பெயர். முதலில் முழங்காலை உயரத் தூக்கி, கீழ்க்காலை விசிறி, உடனே மடித்து இழுத்துக்கொள்ள வேண்டும். இழுக்க மறந்தால் உடம்பு முன்னால் சாய்ந்துவிடுகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் செய்தபோதுதான் புரிந்தது.

டொல்லியோ சாகி எப்படிப் போகிறது என்று கேட்டவர்களுக்கு: அந்தச் சுழல் உதையில் ஊன்றிய கால் திரும்ப வேண்டும். என்னுடையது தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. முழங்கால் போய்விடும் என்று ஆசிரியர் அதட்டுகிறார்.

இப்போது தேகுக் இல் ஜாங் என்னும், 18 அசைவுகளை வரிசையாகச் செய்யும் பயிற்சியைப் பழகுகிறேன். நல்லவேளை, அதில் முன் உதை இரண்டே இரண்டுதான்.