புதுப்பிப்பு: விடை 15 அல்ல, 13தான்

போன வாரம் ஒரு ஜிஆர்இ (மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு) பயிற்சிக் கணக்கைக் கேட்டிருந்தேன். முக்கோணத்தின் இரு பக்கங்கள் 7, 10. மூன்றாவது பக்கம் முழு எண் என்றால் எத்தனை மதிப்புகள் சாத்தியம்? 3 முதல் 17 வரை எண்ணி 15 என்றேன். விடைப் பக்கத்தில் 13 என்றிருந்தது.

குழப்பத்தைத் தீர்த்தது துடைப்பம். 10, 7, 3 செ.மீ. நீளத்தில் மூன்று ஈர்க்குச்சிகளை நறுக்கினேன். 10-இன் இரு முனைகளிலிருந்தும் மற்ற இரண்டையும் சாய்த்தால், நுனிகள் தொட்டுக்கொள்ளும் நேரத்தில் இரண்டும் அதன் மேலேயே படுத்துவிடுகின்றன. வெறும் கோடு. 17-க்கும் இதே கதிதான். மூன்றாவது பக்கம் மற்ற இரண்டின் வித்தியாசத்துக்கு மேல், கூட்டுத்தொகைக்குக் கீழ். சமமாக இருக்கவே கூடாது. ஆக, 4 முதல் 16 வரை.

அடுத்த கணக்கிலும் சறுக்கினேன். இருசமபக்க முக்கோணத்தின் இரு பக்கங்கள் 4, 9 என்றால் சுற்றளவு 17 அல்லது 22 என்று எழுதிவிட்டேன். நான்கும் நான்கும் எட்டு; ஒன்பதை எட்டாது. 22 மட்டுமே சரி. விடைத் தெரிவுகளில் 17-உம் இருந்தது, எனக்கென்றே வைத்த கண்ணி போல!

இரு பக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றாவதைவிடப் பெரியது என்ற இந்த விதியைப் பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் நிறுவியதை, எபிகியூரியர்கள் (எபிகியூரஸ் என்ற கிரேக்கத் தத்துவஞானியின் வழிவந்தவர்கள்) கேலி செய்தார்களாம்: தீனியை நோக்கிக் கழுதைகூட நேராகத்தானே போகிறது என்று. எனக்கு ஈர்க்குச்சி தேவைப்பட்டது.