ஏப்ரலில் செம்மறி ஈற்று, மே கடைசியில் அல்பாக்கா: ஒரே மேய்ச்சலில் விடலாமா?

புல்வெளி5 (கேள்வி)

வேல்ஸ், கார்மார்தன்ஷயர். 5 ஏக்கர், நான்கு துண்டுகளாக வேலி போட்டிருக்கிறது. டெக்ஸல் என்ற செம்மறி இனத்தின் கலப்புத் தாய் ஆடுகள் 10. ஏப்ரல் முதல் வாரம் குட்டி போடத் தொடங்கும். ஸ்கேனில் ஏழு ஆடுகளுக்கு இரட்டைக் குட்டி. அல்பாக்கா (ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த, ரோமத்துக்காக வளர்க்கும் விலங்கு) மூன்று: இரண்டு பெட்டை, காயடித்த ஆண் ஒன்று. பெட்டைகளில் ஒன்று சினை, மே கடைசியில் ஈனும். தாய் ஆடுகளுக்குக் கிளாஸ்டிரிடியம் என்ற நச்சுக் கிருமிக்கான தடுப்பூசி மார்ச் தொடக்கத்தில் போட்டாயிற்று.

குளிர்காலம் முழுக்க எல்லாம் ஒன்றாகவே நின்றன. ஈற்றுச் சமயத்தில் பிரிக்க வேண்டுமா? தீவனத்துக்கு ஒரே தொட்டி போதுமா? புழு மருந்தை இரண்டுக்கும் ஒரே நாளில் கொடுத்துவிடலாமா? சினை அல்பாக்காவுக்கு ரோமம் எப்போது கத்தரிப்பது?

செவலை

தீவனத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் உயிர் போவது அதில்தான். அல்பாக்காவுக்கென்று விற்கும் தீவனத்தை உங்கள் ஆடுகள் ஒரு வாய்கூடத் தொடக்கூடாது. செம்மறி அடர்தீவனத்தில் (தானியம் சேர்ந்த சத்துத் தீவனம்) தாமிரம் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இங்கே சட்ட வரம்பு. அல்பாக்கா, குதிரைத் தீவனங்களுக்கு அந்த வரம்பு கிடையாது. செம்மறிக்குத் தாமிரத்தை வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. டெக்ஸலுக்கு இன்னும் குறைவு. ஈரலில் வாரக்கணக்காய், மாதக்கணக்காய்ச் சேர்ந்துகொண்டே போகும், வெளியே ஒன்றும் தெரியாது. ஈற்று, வண்டிப் பயணம் என்று ஏதாவது ஒரு அலைச்சல் வந்ததும் மொத்தமும் ரத்தத்தில் இறங்கிச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். கண்ணிமைக்குள் மஞ்சள், கருஞ்சிவப்பு மூத்திரம், ஓரிரு நாளில் சாவு. அந்தக் கட்டத்தில் மருந்து கொடுத்துப் பிழைப்பது அரிது.

தொட்டியை உயரத்தில் மாட்டினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஆடு முன்னங்காலைத் தூக்கி வைத்துத் தின்றுவிடும். அல்பாக்காக்களைத் தனிக் கொட்டிலில் அடைத்துக் கிண்ணத்தில் போட்டு, காலியான பிறகு கதவைத் திறவுங்கள். கீழே சிந்தியதைக் கூட்டி எடுங்கள். மறுபக்கம், ஈற்றுக்கு முன் இரட்டைக் குட்டி ஆடுகளுக்குப் போடும் அடர்தீவனத்தை அல்பாக்கா அள்ளித் தின்றால் அதன் முன்வயிறு புளித்துப் படுத்துவிடும். ஆகவே ஒரே தொட்டி வேண்டவே வேண்டாம். தாது உப்புக் கட்டி மட்டும் செம்மறிக்கானதாக ஒன்றே வாங்கிப் பொதுவில் வைக்கலாம்.

ஈற்றுக்குப் பிரித்துவிடுங்கள். அல்பாக்கா குட்டியைத் தாக்கும் என்பதால் அல்ல. அது வேடிக்கை பார்க்க வந்து மூக்கை நீட்டி நிற்கும். முதல் ஈற்று ஆடு மிரண்டு எழுந்து போய்விடும். பிறந்த முதல் ஒரு மணி நேரத்தில் நக்கி, மோந்து, வாசனை பிடிபடாவிட்டால் குட்டியைத் தாய் ஒதுக்கிவிடும். ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி அடுத்த துண்டில் விடுங்கள். கடைசிக் குட்டிக்கு மூன்று நான்கு நாள் ஆனதும் சேர்க்கலாம். சினைப் பெட்டையைத் தனியாக அடைக்காதீர்கள், துணை இல்லாமல் நின்றால் இரை எடுக்காது. மூன்றையும் சேர்த்தே நகர்த்துங்கள்.

கிடைக்காரர்

செவலை அண்ணா தீவனத்தைச் சொல்லிவிட்டார். ஏப்ரல் முதல் வாரம் அங்கே மழையும் காற்றும்தான், அதனால் குளிரில் விறைத்த குட்டியை என்ன செய்வது என்பதை எழுதுகிறேன்.

பிறந்ததும் தொப்புள்கொடியை 10 சதவீத அயோடினில் அடிவரை முக்குங்கள், சில மணி நேரம் கழித்து இன்னொரு முறை. சீம்பால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கிலோ எடைக்கு 50 மில்லி, 24 மணி நேரத்தில் மொத்தம் கிலோவுக்கு 200 மில்லிக்குக் குறையாமல். 4.5 கிலோ குட்டி என்றால் ஒரு வேளைக்கு 225 மில்லி. குட்டி மடியை முட்டுகிறது என்பதை வைத்துக் குடித்துவிட்டது என்று நினைக்காதீர்கள். காம்பில் மெழுகு அடைப்பு இருக்கும். இரண்டு காம்பையும் பீய்ச்சிப் பாருங்கள், பிறகு குட்டியின் வயிற்றைத் தடவிப் பாருங்கள்.

சோர்ந்து கிடந்தால் உடனே வெப்பமானி. சாதாரண சூடு 39 முதல் 40 டிகிரி. 37க்கும் 39க்கும் நடுவில் என்றால் துடைத்து, வயிற்றுக்குள் விடும் குழாய் வழியாகச் சீம்பால் கொடுத்து, தாயோடு ஒதுக்கமான கொட்டிலில் விட்டால் போதும். 37க்குக் கீழே போனால் வயதைப் பார்க்க வேண்டும். ஐந்து மணி நேரத்துக்குள் பிறந்தது என்றால் உடம்பில் சூடு தரும் பழுப்புக் கொழுப்பு இன்னும் மீதி இருக்கும். துடைத்து, சூடேற்றி, பிறகு ஊட்டலாம். ஐந்து மணி நேரம் தாண்டியது என்றால் அந்தக் கொழுப்பு தீர்ந்திருக்கும். அதை அப்படியே சூடுபெட்டியில் வைத்தால் மூளைக்குச் சர்க்கரை போதாமல் வலிப்பு வந்து சாகும். முதலில் 20 சதவீத குளுக்கோஸ், கிலோவுக்கு 10 மில்லி, உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து வயிற்று உறைக்குள் ஊசியாகப் போட வேண்டும். முன்னங்காலைப் பிடித்துத் தொங்கவிட்டு, தொப்புளுக்கு ஓர் அங்குலம் கீழே, ஓர் அங்குலம் பக்கவாட்டில், ஊசிமுனை பிட்டத்தைப் பார்த்து 45 டிகிரி சாய்வில். ஈற்று தொடங்குமுன் மருத்துவரிடம் ஒரு முறை நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். பாட்டில் 40 சதவீதமாக இருந்தால் கொதித்து ஆறிய நீரில் சரிபாதி கலக்க வேண்டும். அதன் பிறகு சூடு, அரை மணிக்கு ஒரு முறை வெப்பமானி, தலை தூக்கியதும் சீம்பால். தலை தூக்க முடியாத குட்டிக்குக் குழாய் போடவே கூடாது, பால் நுரையீரலுக்குப் போய்விடும்.

வாலைக் குட்டையாக்க ரப்பர் வளையம் போடுவதானால் முதல் ஏழு நாளுக்குள்தான் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் முதல் நாளில் வேண்டாம், வலியில் பால் குடிக்காது. பெண் குட்டிக்கு யோனி மறையும் அளவு வால் மிச்சம் இருக்க வேண்டும்.

வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் ஈற்றுக் கொட்டில் பக்கமே வரக்கூடாது. நஞ்சுக்கொடி பட்ட துணியையும் அவர்கள் துவைக்கக்கூடாது. கருச்சிதைவுக் கிருமிகள் மனிதருக்கும் தொற்றும்.

மறியாடு

புழு மருந்து ஒரே நாளில், ஒரே அளவில் என்பது தப்பு. இரண்டுக்கும் புழுக்கள் பெரும்பாலும் பொதுவானவை, ஆனால் மருந்துக் கணக்கு வேறு.

குட்டிகளுக்கு வசந்தத்தில் பயப்பட வேண்டியது நெமடோடைரஸ் என்ற குடல் புழு. போன வருடக் குட்டிகள் போட்ட முட்டைகள் மண்ணில் குளிர்காலத்தைக் கடந்து, சராசரி வெப்பம் 10 டிகிரியைத் தாண்டியதும் ஒட்டுமொத்தமாய்ப் பொரியும். உங்கள் குட்டிகள் ஆறு வாரத்தைத் தொட்டுப் புல்லில் வாய் வைக்கும் நேரமும் அது ஒன்றாக அமைந்தால் ஆபத்து. திடீரென்று தண்ணீராய்க் கழியும், தாகத்தில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நிற்கும். சேதம் செய்வது முதிராத புழு, அதனால் சாணியில் முட்டை எண்ணிக்கை வருவதற்குக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும். ஸ்காப்ஸ் (SCOPS, செம்மறிப் புழுக் கட்டுப்பாட்டு அமைப்பு) இணையதளத்தில் பகுதிவாரியாக எச்சரிக்கை வரும், ஏப்ரல் முதல் பாருங்கள். போன வருடம் குட்டிகள் மேய்ந்த துண்டில் இந்த வருடக் குட்டிகளை விடாமல் இருப்பதுதான் பெரிய தடுப்பு. மருந்து தேவைப்பட்டால் வெள்ளை மருந்து வகை (பென்சிமிடசோல்), கூட்டத்தில் அதிக எடையுள்ள குட்டியின் எடைக்கு.

அல்பாக்காவுக்கென்று இங்கே அனுமதி பெற்ற புழு மருந்தே இல்லை. மருத்துவர் எழுதித்தான் தர வேண்டும். பல மருந்துகளுக்குச் செம்மறி அளவு போதாது. முதுகில் ஊற்றும் மருந்து அதன் தோலில் சரியாக இறங்காது. சாணி பொறுக்குவது எளிது, ஒரே இடத்தில்தான் போடும். வாரம் இரண்டு முறை அள்ளினால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. ஈற்றுக்குப் பின் முதல் ஆறு வாரம் கொழுத்த இளம்புல்லில் மக்னீசியம் குறைவு. இரட்டைக் குட்டித் தாய் நடுங்கி, தடுமாறி, சில மணி நேரத்தில் விழுந்து சாகலாம். அந்த வாரங்களில் மக்னீசியக் கட்டி வையுங்கள்.

புல்வெளி5

எல்லோருக்கும் நன்றி. ரோமம் கத்தரிப்பதும் அல்பாக்கா ஈற்றும் பாக்கி. கத்தரிக்கும் ஆள் மே 20 வாக்கில் வருகிறேன் என்கிறார்.

செவலை

அன்றைக்கு மற்ற இரண்டுக்கும் கத்தரிக்கட்டும். முந்தின இரவு உள்ளே அடையுங்கள், ஈர ரோமத்தில் கத்தரி ஓடாது. சினைப் பெட்டையைக் கடைசி மாதத்தில் கயிற்றில் இழுத்துப் படுக்கப்போட வேண்டாம். வெயில் ஏறினால் நிற்கவைத்தே அடிவயிறும் விலாவும் மட்டும் எடுத்துவிட்டு, ஈன்று இரண்டு மூன்று வாரம் கழித்து மீதியை எடுங்கள்.

ஈற்று பெரும்பாலும் காலையிலிருந்து பிற்பகலுக்குள் நடக்கும். மாலையில் முக்கிக்கொண்டிருந்தால் சந்தேகப்படுங்கள். மூக்கும் இரண்டு முன்பாதமும் ஒன்றாகத் தெரிய வேண்டும். அரை மணி நேரம் முன்னேற்றமே இல்லையென்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். செம்மறி மாதிரி தாய் குட்டியை நக்காது, அதைப் பார்த்து ஒதுக்கிவிட்டது என்று பதற வேண்டாம். மழையோ குளிரோ இருந்தால் நீங்கள் துண்டால் துடையுங்கள், வெயில் இருந்தால் விட்டுவிடுங்கள். நஞ்சுக்கொடி ஆறு மணி நேரத்துக்குள் விழ வேண்டும்.

குட்டி 6 முதல் 8 கிலோ இருக்கும். தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். முதல் நாள் கொஞ்சம் குறையலாம், இரண்டாம் நாளும் குறைந்தால் பால் இறங்கவில்லை. காது மடிந்து, முன்பற்கள் ஈறுக்குள்ளேயே இருந்தால் குறைமாதக் குட்டி. அதற்கு முதல் 24 மணி நேரத்தில் எடையில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு சீம்பால் போக வேண்டும், 6 கிலோவுக்கு 600 மில்லி. போனதா என்று ஐயம் இருந்தால் இரண்டாம் நாள் ரத்தம் எடுத்து எதிர்ப்புப் புரத அளவு பார்க்கச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) ஏற்றலாம். அதனால் மே தொடக்கத்திலேயே உங்கள் மருத்துவரிடம் அல்பாக்கா பிளாஸ்மா கைவசம் இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள்.