மைக்ரோடிக் ரவுட்டர்: வின்பாக்ஸ் தவிர சர்வீஸ் எல்லாம் டிசேபிள், ஆனாலும் வெளியிலிருந்து 53, 2000, 8291 போர்ட் ஓப்பன்

மஞ்சக்குப்பம்_கடை:
கடலூர்ல ஜெராக்ஸ் கடை. ஹாப் லைட் ரவுட்டர், ரவுட்டர்ஓஎஸ் 6.48. ஃபைபர் லைன், பிபிபிஓஇ டயல் (யூசர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து இணையத்துல சேர்றது) ரவுட்டர்லயே. உங்க இணைப்பு டிஎன்எஸ் (சைட் பெயரை ஐபி முகவரியா மாத்துற சேவை) தாக்குதலுக்குப் பயன்படுதுன்னு இணைய நிறுவனத்திலிருந்து மெயில் வந்திருக்கு. ஐபி → சர்வீசஸ்ல வின்பாக்ஸ் (ரவுட்டரை அமைக்கிற மென்பொருள், போர்ட் 8291) தவிர எல்லாத்தையும் டிசேபிள் பண்ணியாச்சு. ஃபயர்வால்ல ஈதர்1 (இணைய கேபிள் சொருகியிருக்கிற சாக்கெட்) வழியா வர்ற இன்புட்டை (ரவுட்டருக்கே வர்றதை) ட்ராப் பண்ணுற ரூலும் இருக்கு. மொபைல் டேட்டாவிலிருந்து என்மேப் (போர்ட் ஸ்கேன் கருவி) ஓட்டினா மேலே சொன்ன மூணும் ஓப்பன். டிஎன்எஸ்ல "அலோ ரிமோட் ரிக்வெஸ்ட்ஸ்" டிக்கை எடுத்தா கடையில ஒரு சைட்டும் திறக்கல. என்ன செய்யலாம்?

புதுவை_நெட்:
சார், அந்த டிக்கைத் திரும்பப் போட்டுடுங்க. கடை கம்ப்யூட்டர்கள் ரவுட்டரைத்தான் டிஎன்எஸ்ஸாக் கேட்குது, அது தேவையான சேவை. வெளியிலிருந்து கேட்பதை மட்டும் அடைக்கணும்.

கோளாறு ஃபயர்வால் ரூல்லதான். பிபிபிஓஇ-ல இணையப் பாக்கெட் ரவுட்டருக்குள்ள வரும்போது அதோட இன்டர்ஃபேஸ் பிபிபிஓஇ-அவுட்1, ஈதர்1 இல்ல. உங்க ரூலுக்கு நேரா பாக்கெட்ஸ் எண்ணிக்கையைப் பாருங்க, இணையத்திலிருந்து வர்றது எதுவும் அதுல ஏறியிருக்காது.

முதல்ல வின்பாக்ஸ்ல சேஃப் மோட் பட்டனை அழுத்துங்க. தப்பான ரூலால வெளியே தள்ளப்பட்டா மாற்றம் தானா பழையபடி ஆயிடும். அப்புறம் இன்புட் செயின்ல இந்த வரிசை:

1. கனெக்‌ஷன் ஸ்டேட் எஸ்டாப்ளிஷ்டு, ரிலேட்டட்: அக்செப்ட்.
2. இன் இன்டர்ஃபேஸ் பிபிபிஓஇ-அவுட்1: ட்ராப்.

முதல் ரூலை விட்டுட்டா, ரவுட்டர் தானே கேட்ட டிஎன்எஸ் கேள்விக்கு வர்ற பதிலும் ட்ராப் ஆகி, மறுபடி சைட் திறக்காது. ரூல்கள் மேலிருந்து கீழாகத்தான் ஓடும், அதனால இரண்டுக்கும் மேல வேற அக்செப்ட் இருக்கான்னு பாருங்க. எல்லாம் சரியா ஓடினா சேஃப் மோடை மறுபடி அழுத்தி விடுவிச்சாதான் மாற்றம் நிலைக்கும்.

2000 என்பது பேண்ட்விட்த் டெஸ்ட் சர்வர். அது டூல்ஸ் → பிடெஸ்ட் சர்வர்ல இருக்கு, எனேபிள்டு டிக்கை எடுத்துடுங்க. ஐபி → சாக்ஸ், வெப் ப்ராக்ஸி, எஸ்என்எம்பி மூணும் அணைஞ்சிருக்கணும். நெய்பர்ஸ் டிஸ்கவரியையும் மேக் சர்வரையும் லேன் (கடை உள் நெட்வொர்க்) பட்டியலுக்கு மட்டும் வைங்க.

சில்வர்பீச்_சிசாட்மின்:
வின்பாக்ஸ்ல "அவெய்லபிள் ஃப்ரம்" (எந்த ஐபியிலிருந்து வரலாம்னு கட்டுப்படுத்துறது) போட்டா போதும்னு பலர் விட்டுடுறாங்க. அது ஃபயர்வாலுக்கு ஈடில்ல, ஸ்கேன்ல போர்ட் ஓப்பனாவே தெரியலாம். இரண்டும் வைங்க.

இந்த ரவுட்டர்ல முன்னாடி 6.42.1-க்கு (2018 ஏப்ரல்) முந்தைய பதிப்பு ஓடியிருந்தா இன்னொரு ஆபத்து. 6.42 வரை வின்பாக்ஸ் வழியா யூசர் ஃபைலையே (பெயர், பாஸ்வேர்டு இருக்கிற ஃபைல்) வெளியிலிருந்து படிக்க முடிஞ்சது, 6.42.1-ல்தான் அடைச்சாங்க. பாஸ்வேர்டு அப்போதிருந்ததே என்றால் இன்னிக்கே மாத்துங்க. சிஸ்டம் → ஷெட்யூலர், ஸ்கிரிப்ட்ஸ், யூசர்ஸ் மூணுலயும் உங்களுக்குத் தெரியாத வரி ஒண்ணு இருந்தாலும், அதை மட்டும் அழிச்சுட்டு நிம்மதியா இருக்காதீங்க. நெட்இன்ஸ்டால் (கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டர்ஓஎஸ்ஸைப் புதுசா ஏத்துற கருவி) போட்டு முதலிலிருந்து அமைங்க. பழைய பேக்கப்பை ஏத்தவே கூடாது.

சோதனையில யுடிபியையும் (டிசிபி மாதிரி இன்னொரு அனுப்பும் முறை) சேர்த்துக்கோங்க. டிசிபி ஸ்கேன் மட்டும் ஓட்டினா யுடிபி 53, 161 (எஸ்என்எம்பி) கண்ணுல படாது. மொபைல் டேட்டாவிலிருந்து என்எஸ்லுக்அப்ல (டிஎன்எஸ் கேள்வி அனுப்புற கட்டளை) உங்க ஐபியைச் சர்வராக் கொடுத்துக் கேளுங்க, பதில் வராம டைம்அவுட் ஆகணும். ஐபியை இங்க பதிவு பண்ணிடாதீங்க.

மஞ்சக்குப்பம்_கடை:
ரொம்ப நன்றி சார். 53, 2000, 8291 மூணும் இப்போ ஃபில்டர்டு, என்எஸ்லுக்அப் டைம்அவுட். ஷெட்யூலர், ஸ்கிரிப்ட்ஸ் காலி, பாஸ்வேர்டும் மாத்தியாச்சு. 1 முதல் 65535 வரை ஓட்டினதுல 37777 மட்டும் ஓப்பன்.

புதுவை_நெட்:
ஃபில்டர்டுன்னா ட்ராப் ரூல் வேலை செய்யுதுன்னு அர்த்தம். 37777 தாஹுவா வகை டிவிஆர் (கேமரா பதிவுப் பெட்டி) போர்ட். அது ரவுட்டருக்கு வர்றதில்ல, உள்ளே கடந்து போறது. அதனால இன்புட் ரூல் அதைத் தொடாது. ஃபயர்வால் → நாட் பக்கம் (வெளி போர்ட்டை உள்ளே திருப்புற ரூல்கள்) பாருங்க. வரியின் முன்னால டைனமிக் குறி இருந்தா யுபிஎன்பி (உள்ளே இருக்கிற கருவி தானே போர்ட் திறந்துக்கிற வசதி) வழியா டிவிஆரே திறந்துக்கிட்டது: ஐபி → யுபிஎன்பி-ஐ நிறுத்துங்க, டிவிஆர் மெனுவிலயும் அணைச்சிடுங்க. குறி இல்லேன்னா யாரோ கையால போட்ட ரூல், டிசேபிள் பண்ணுங்க. வீட்டிலிருந்து கேமரா பார்க்கணும்னா எல்2டிபி ஐபிசெக் விபிஎன் (பூட்டுப்போட்ட தனி இணைப்பு) வைங்க. அதுக்கு யுடிபி 500, 4500 போர்ட்டுக்கும் ஐபிசெக்-ஈஎஸ்பிக்கும் ட்ராப் ரூலுக்கு மேல அக்செப்ட் வேணும். 1701-ஐ ஐபிசெக் வழியா வந்தா மட்டும் அனுமதிங்க.