வேகத்தடையில் முன்பக்க ஒலி: எதை மாற்றுவது?

கேள்வி: எங்கள் காரில் வேகத்தடை ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'டக் டக்' என்று ஒலி எழுகிறது, இடது டயரின் உள்விளிம்பும் விரைவாகத் தேய்ந்திருக்கிறது. பணிமனையில் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். அதற்கு முன் நாங்களே எவற்றைச் சோதிக்கலாம்?

பதில் 1: முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்தபின், சக்கரத்தைக் கடிகாரத்தின் 9, 3 எண்கள் அமையும் இடங்களில் பிடித்து அசையுங்கள், ஆட்டம் இருந்தால் பெரும்பாலும் டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை மூட்டு) தேய்ந்திருக்கும். 12, 6 இடங்களில் ஆட்டம் இருந்து, ஒருவர் பிரேக்கை மிதித்ததும் அது மறைந்தால் வீல் பேரிங்கையும், மறையாவிட்டால் லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட்டையும் (சக்கரத்தைக் கீழ்ப்புறம் பிடித்திருக்கும் கையின் முனையிலுள்ள உருண்டை மூட்டு) சந்தேகிக்க வேண்டும். சிறு மேடுகளில் எழும் ஒலிக்கு ஸ்டெபிலைசர் லிங்க் (திருப்பங்களில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் சிறு தண்டு) காரணமாக இருப்பதுண்டு. அதன் விலையும் குறைவுதான். ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதில் 2: பால் ஜாயின்ட்டில் ஆட்டம் தெரிந்தால், தயவுசெய்து அதை மாற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள், ஓட்டத்தில் அது கழன்றால் சக்கரம் சாய்ந்து கட்டுப்பாடே போய்விடும். ஆர்ம் புஷ் (லோயர் ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்திலுள்ள ரப்பர் உருளை) மாற்றினால், வண்டியின் எடை சக்கரங்களின்மேல் இறங்கிய நிலையில்தான் போல்ட்டை இறுதியாக முறுக்க வேண்டும். இல்லையெனில் ரப்பர் திருகிக்கொண்டு விரைவில் கிழியும்.

பதில் 3: டை ராட் எண்ட் மாற்றிய பின் வீல் அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்தல்) கட்டாயம். உள்விளிம்புத் தேய்மானத்துக்கு டோ (சக்கரங்களின் முன்புறம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு), கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருக்கும் அளவு) இரண்டையும் அளந்து காட்டச் சொல்லுங்கள்.