மழைநீர் விலக்கும் பூச்சு: 40 கிலோமீற்றர் வேகத்தில் துளி ஓடுமா, ஓடாதா?

நானுஓயா வேன்காரர்
நேற்று கண்டி அன்பர் ஒருவர், முகப்புக் கண்ணாடியில் மழைநீர் விலக்கும் பூச்சைப் பூசிவிட்டால் நுவரெலியா வீதியில் வைப்பரைத் தொடவே தேவையில்லை என்றும், 40 கிலோமீற்றர் வேகத்திலேயே துளிகள் தாமாக ஓடிவிடும் என்றும் இங்கே எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. 22 வருடங்களாகப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இந்த மழையில் வேன் ஓட்டுகிறேன். புதிதாக லைசன் எடுத்த ஒரு பிள்ளை இதை நம்பி, வைப்பரை நிறுத்திவிட்டு றம்பொடை வளைவுகளில் இறங்கினால் யார் பொறுப்பு? பூச்சு நீரைத் துடைப்பதில்லை. நீர் கண்ணாடியில் பரவாமல் துளியாகத் திரளச் செய்கிறது, அவ்வளவுதான். அந்தத் துளியைத் தள்ளுவது காற்று. வேகம் பாதியானால் காற்றின் தள்ளுவிசை நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். 60இல் ஓடுகிற துளி 30இல் நின்ற இடத்திலேயே நிற்கும்.

கண்டி கார்க்காரர்
வேகமானியைப் பார்த்துக்கொண்டுதான் 40 என்று எழுதினேன். பேராதனையிலிருந்து கம்பளை வரை நல்ல மழை. 40ஐத் தொட்டதும் துளிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கண்ணாடியின் மேல் விளிம்பை நோக்கி ஏறி மறைந்தன. அருகில் இருந்த என் மனைவியும் பார்த்தார். கண்ணால் கண்டதைப் பொய் என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? இந்தப் பூச்சு நேற்று முளைத்த பொருளும் அல்ல. இந்த வகைப் பூச்சான றெயின்-எக்ஸ் 1972இலேயே விற்பனைக்கு வந்தது.

நானுஓயா வேன்காரர்
தம்பி, பொய் என்று நான் சொல்லவில்லை. பேராதனை–கம்பளை வீதி மலை வீதி அல்ல என்கிறேன். கம்பளையைத் தாண்டிப் புசல்லாவைக்கு ஏறுங்கள், பிறகு றம்பொடை. அங்கே எத்தனை நிமிடம் 40இல் போனீர்கள்? அதைத்தான் கேட்கிறேன், அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கம்பளை கராஜ்
இருவரும் கண்ணாடியின் சாய்வை மறந்துவிட்டீர்கள். காரின் கண்ணாடி நன்றாகச் சாய்ந்திருப்பதால் காற்று துளியை மேலே ஏற்றிவிடும். பழைய வேனிலும் பஸ்ஸிலும் கண்ணாடி ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கிறது. அதில் பெரிய துளி தன் பாரத்தால் கீழே வழியும், சிறியது ஒட்டிக்கொண்டே இருக்கும். தவிர, பலர் இதைச் சரியாகப் பூசுவதே இல்லை. பஸ்களின் டீசல் புகை படிந்த எண்ணெய்ப் படலத்தின் மேலேயே பூசிவிட்டு, பூச்சு சரியில்லை என்று என்னிடம் வருகிறார்கள். உள்ளே இருப்பது சிலிக்கோன் வகைச் சேர்மம். அது கண்ணாடியோடு நேரடியாகப் பிணைந்தால்தான் நிலைக்கும். முதலில் சவர்க்காரத்தால் கழுவி, பாலிஷ் போட்டு, காயவைத்து, அதன் பிறகே பூச வேண்டும். காய்ந்ததும் வெண்மை போகும்வரை துணியால் தேய்க்கவும் வேண்டும்.

கண்டி கார்க்காரர்
நீங்கள் சொன்ன முறைப்படியேதான் பூசினேன். அதனால்தான் எனக்கு 40இலேயே ஓடியது. ஒழுங்காகப் பூசத் தெரியாதவர்களுக்கு 80இலும் ஓடாது. மேலும், என்னைத் தம்பி என்று அழைக்க வேண்டாம். எனக்கு 51 வயது. போன மாதம் டயர் காற்றைப் பற்றிப் பேசியபோதும் இவர் இப்படித்தான் எல்லோரையும் தம்பியாக்கி வாயை அடைத்தார்.

நானுஓயா வேன்காரர்
51 வயதானவருக்கு மரியாதை தருகிறேன், ஐயா. ஆனால் பூசத் தெரியாதவன் என்ற பேச்சை ஏற்க மாட்டேன். நானும் பூசிப் பார்த்தவன்தான். ஹட்டனில் திருமண வீடொன்றுக்குப் போய்விட்டு இரவு தலவாக்கலை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். மழை என்றுகூடச் சொல்ல முடியாத பொடித் தூறல். கண்ணாடி முழுவதும் அவித்த ஜவ்வரிசியைக் கொட்டியதுபோல் துளிகள் நின்றன, அசையவில்லை. எதிரே ஒரு பஸ் முழு வெளிச்சத்தோடு வளைவில் திரும்பியதும் ஒவ்வொரு துளிக்குள்ளும் ஒரு விளக்கு எரிந்தது. வீதியின் வெள்ளைக் கோடு எங்கே, ஓரத்துக் கல் எங்கே என்று தெரியவில்லை. வைப்பரைப் போட்டால் ரப்பர் வழுக்காமல் தத்தித் தத்திப் போய், போன இடமெல்லாம் மெல்லிய மங்கலை விட்டுச் சென்றது. வேனை ஓரங்கட்டி நிறுத்தி, துவாயால் துடைத்தேன். வெறும் கண்ணாடியாக இருந்திருந்தால் நீர் படலமாகப் பரவியிருக்கும், வைப்பர் ஒரே வீச்சில் எடுத்திருக்கும். அன்று வேனில் பிள்ளைகள் இல்லாததற்கு இன்றும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

ஹட்டன் ஆசிரியை
வேன் அண்ணன் சொல்வது உண்மை. வட்டவளைப் பக்கத்தில் வருடத்திற்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் எல்லாம் பெருமழை அல்ல; மூடுபனியோடு சேர்ந்த தூறலும் நிறைய உண்டு. ஆனால் ஒன்றை யாருமே சொல்லவில்லை. நமக்குப் பாதி நேரம் மறைப்பது உள்பக்கத்து ஆவி. வெளியே எதைப் பூசினாலும் உள்ளே படியும் ஆவி போகாது. ஏசியைப் போட்டு உள்காற்றை உலர்த்த வேண்டும். என் தந்தை காலத்துச் சாரதிகள் உருளைக்கிழங்கை வெட்டிக் கண்ணாடியில் தேய்ப்பார்கள், அதுவும் நன்றாகவே இருந்தது.

கம்பளை கராஜ்
ரீச்சர், உருளைக்கிழங்கும் புகையிலையும் செய்வது வேறு வேலை. அவை நீரைத் துளியாக்குவதில்லை, பரத்திவிடுகின்றன. மழைநீர் விலக்கும் பூச்சு அதற்கு நேர் எதிர். இரண்டையும் ஒரே கண்ணாடியில் போட்டவர்களின் வாகனம் என் கராஜுக்கு வந்திருக்கிறது. சுத்தம் செய்ய அரை நாள் போனது.

ஹட்டன் ஆசிரியை
இரண்டையும் ஒன்றாகப் போடும்படி நான் எங்கே எழுதினேன்? எங்கள் தந்தை 30 வருடம் தோட்டத்து லொறி ஓட்டியவர். அவருக்குத் தெரியாததை உங்கள் கராஜில் கற்க வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை.

கண்டி கார்க்காரர்
உருளைக்கிழங்கு பிறகு. வைப்பர் தத்தியது பூச்சின் குற்றமா, தேய்ந்த ரப்பரின் குற்றமா? ரப்பரை மாற்றிப் பார்த்தீர்களா? பெருமழையில் பூச்சோடும் பூச்சின்றியும் நான் ஓட்டியிருக்கிறேன். முன்னால் போகும் லொறியின் பின்விளக்கு பூச்சுள்ள கண்ணாடியில்தான் தெளிவாகத் தெரிந்தது. இதை யாராலும் மறுக்க முடியாது. 40இல் ஓடியது, ஓடியதுதான்.

நானுஓயா வேன்காரர்
ரப்பர் புதியது, போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. பெருமழையில் நல்லது என்பதை நான் எப்போது மறுத்தேன்? பெரிய துளி பாரத்தாலும் ஓடும், காற்றாலும் ஓடும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, கண்டி ஏறக்குறைய 500. உங்கள் மழையும் எங்கள் தூறலும் ஒன்றல்ல. நம்பாவிட்டால் அந்த வீதியிலுள்ள றம்பொடைச் சுரங்கப்பாதையில் பாருங்கள். அதன் நீளம் 225 மீற்றர். 30 கிலோமீற்றர் வேகத்தில் கடக்க 27 விநாடி ஆகும். உள்ளே புதிதாக மழை விழாது. நுழையும்போது கண்ணாடியில் இருந்த துளிகளில் எத்தனை வெளியே வரும்போதும் இருக்கின்றன என்று எண்ணுங்கள். நான் பார்த்தேன். சிறியவை அத்தனையும் இருந்தன.

கண்டி கார்க்காரர்
சுரங்கத்தில் 30 என்கிறீர்கள். நான் சொன்னது 40. கணக்கை நீங்களே மாற்றிவிட்டு என்னைக் குற்றம் சொல்கிறீர்கள்.

நானுஓயா வேன்காரர்
அந்த வீதியில் மழையில் யாரும் 40இல் போக முடியாது என்பதுதானே முதலிலிருந்து என் பேச்சு! பாதுகாப்பாகப் போகக்கூடிய வேகத்தில் வேலை செய்யாத ஒன்றை நம்பி வைப்பரை நிறுத்தும்படி எழுதியதுதான் தவறு. அந்த ஒரு வரியை நீக்குங்கள்.

கண்டி கார்க்காரர்
நீக்க மாட்டேன். வரும் சனிக்கிழமை வெலிமடைக்குப் போகிறேன். சுரங்கத்தையும் பார்க்கிறேன், வேகமானியையும் படமெடுத்துப் போடுகிறேன்.

நானுஓயா வேன்காரர்
வண்டியை ஓட்டிக்கொண்டே படம் எடுக்காதீர்கள், ஐயா. அந்த வேலையை உங்கள் மனைவியிடம் கொடுங்கள். வைப்பரையும் போட்டுக்கொண்டு போங்கள்.