டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 அரசுப் பணித் தேர்வு: கோச்சிங் இல்லாமல் நாமே சேர்ந்து படிக்க முடியுமா?

கேள்வி:
எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் தினமும் சந்திக்கும் ஐந்து பேர் சேர்ந்து படிக்கலாம் என்றிருக்கிறோம். கோச்சிங் போக வசதியில்லை. எல்லோருக்கும் கணக்கு என்றாலே பயம். சொல்லித்தர ஆள் இல்லாமல் சரிப்படுமா அக்கா, அண்ணன்களே?

பதில்:
தாராளமாகச் சரிப்படும் தம்பி. நாங்கள் அப்படித்தான் படித்தோம். வாரம் ஒரு தலைப்பு, அதற்கு ஒருவர் பொறுப்பு. அவர் வாத்தியார் மாதிரி நடத்த வேண்டாம், போட்டுக் காட்டினால் போதும். மற்றவர்கள் ‘ஏன்?’ என்று விடாமல் கேட்க வேண்டும். உதாரணத்துக்கு, 5000 ரூபாய்க்கு 10 சதவீதத்தில் இரண்டு வருடத் தனிவட்டி, கூட்டுவட்டி வித்தியாசம் 50 ரூபாய். சூத்திரம் போட்டால் விடை வந்துவிடும். ஆனால் எங்கள் குழுவில் ஒருத்தி, “அந்த 50 எங்கிருந்து வந்தது?” என்று பிடித்துக்கொண்டாள். முதல் வருட வட்டி 500, அந்த 500-க்கு இரண்டாம் வருடம் கிடைக்கும் வட்டிதான் அது. அன்றோடு எல்லோருக்கும் பயம் விட்டுப்போயிற்று.

இன்னொரு பதில்:
அக்கா சொல்வது சரி. ஆனால் கணக்கிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். 200 கேள்விகளில் கணக்கு வரும் திறனறிவுப் பகுதி 25தான், தமிழ் 100. தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள்.

கேட்டவர்:
நன்றி. யாராவது பாதியில் நின்றுவிட்டால்?

பதில்:
நிற்பார்கள். மூன்று பேர் மிஞ்சினாலும் நடத்துங்கள். நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள்.